உடும்புத் தோல் முதல் மயிலிறகு வரை: கேள்வி பதில்

தஞ்சாவூரில் எங்கள் பட்டறையில் மிருதங்கம், கஞ்சிரா, உடுக்கை செய்கிறோம். 16 வயதில் அப்பாவிடம் மூட்டு, அதாவது வாத்தியத்தின் தோல் முகம், பிடிக்கக் கற்றேன். இப்போது வயது 52. சாமி காரியத்துக்கும் பக்திக் கலைக்கும் விலங்கின் தோல், இறகு, ஓடு, கொம்பு எடுப்பது சரியா என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். என் கைக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன்.

ஐயா, தாத்தா வாசித்த உடும்புத் தோல் கஞ்சிரா வீட்டில் இருக்கிறது. பஜனை மடத்தில் வாசிக்கலாமா? பழுது பார்க்க அதே தோல் கிடைக்குமா? (கும்பகோணம்)

கிடைக்காது. கிடைக்கும் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உடும்பு உச்சப் பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் இருக்கிறது. வேட்டையாடினாலும் தோலை விற்றாலும் வாங்கினாலும் 3 முதல் 7 வருடம் வரை சிறை. தாத்தா காலத்துப் பொருள்தானே என்று நீங்களாக முடிவு செய்துகொள்ள வேண்டாம். வனத்துறை அலுவலகத்தில் சொல்லி, அதை என்ன செய்வது என்று கேளுங்கள். யாருக்கும் கைமாற்றாதீர்கள்.

உடும்புத் தோலில் தண்ணீர் தடவினால் இறங்கி வரும் அந்தக் கும்மென்ற நாதம் வேறு எதிலும் வராது என்று பழைய வித்வான்கள் சொல்வார்கள். நானும் கேட்டிருக்கிறேன், உண்மைதான். ஆனால் ஆட்டுத் தோலை நன்றாகச் சீவி இழுத்துக் கட்டினால் பத்துக்கு எட்டு வந்துவிடுகிறது. மீதி இரண்டுக்காக ஓர் உயிரைக் காட்டிலிருந்து பிடித்து வரச் சொல்ல எனக்கு மனசு வராது.

மிருதங்கத்துக்கு இயற்கையாக இறந்த மாட்டின் தோலைத்தானே எடுப்பீர்கள்? என் குரு அப்படித்தான் சொன்னார். (சென்னை)

இல்லையம்மா. இதைப் பூசி மெழுக நான் தயாராக இல்லை. வலந்தலையில், அதாவது மிருதங்கத்தின் வலது முகத்தில், மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலும் இருக்கின்றன. இழுத்துக் கட்டும் வார் பெரும்பாலும் எருமைத் தோல். செத்த மாட்டின் உடம்பில் ரத்தம் தோலிலேயே தங்கிப்போகும். நரம்புத் தடம் விழும், சீக்கிரம் அழுகும், தட்டினால் சத்தம் அடைத்துக்கொள்ளும். நாதம் வேண்டுமென்றால் இறைச்சிக்கு வெட்டிய மாட்டின் தோல்தான் வேண்டும். அதிலும் பத்துத் தோல் பார்த்தால் ஒன்றோ இரண்டோதான் தேறும். தடவிப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து எடுப்போம்.

உங்கள் குரு பொய் சொல்ல வேண்டுமென்று சொல்லியிருக்க மாட்டார். அவருக்கும் யாரோ அப்படிச் சொல்லி வைத்திருப்பார்கள். இந்தத் தொழிலில் பெரும்பாலும் தலித் கிறிஸ்தவக் குடும்பங்கள்தான் இருக்கிறோம். தோலை உரிப்பது, ஊறவைப்பது, மயிர் சீவுவது, அந்த நாற்றத்தோடு நாள் முழுக்க உட்கார்வது எல்லாம் எங்கள் வீட்டுக்குள் முடிந்துவிடும். தோலின் நடுவில் கருப்பு மருந்து வட்டம் வைத்து, சந்தனப் பொட்டு இட்டு மேடைக்குப் போகும்போது அது வெறும் நாதம் ஆகிவிடுகிறது. என் அப்பா ஒரு வீட்டுக்கு வாத்தியம் கொண்டுபோனால், வாத்தியம் பூஜை அறைக்குப் போகும். அவருக்குத் திண்ணையில் தண்ணீர் வரும், அதுவும் தனி டம்ளரில். மாட்டைப் பற்றி என்னிடம் கேட்கிறவர்கள் அந்தத் திண்ணையைப் பற்றியும் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

தோலே வேண்டாம் என்று உங்களுக்குத் தோன்றினால் செயற்கைத் தோல் போட்ட, கண்ணாடியிழைக் கட்டை மிருதங்கங்கள் வந்துவிட்டன. நான் வாசித்துப் பார்த்தேன். பயிற்சிக்கும் பயணத்துக்கும் நன்றாகவே இருக்கின்றன. மழைக்காலத்தில் சுருதியும் இறங்குவதில்லை. இடது முகமான தொப்பியில் அந்தக் குழைவு மட்டும் எனக்குப் போதவில்லை.

அண்ணா, நான் வீகன், விலங்கிலிருந்து வரும் எதையும் பயன்படுத்தாதவன். கச்சேரி முடிந்து வெளியே வருகிறவர்களிடம் மிருதங்கத்தில் உள்ள தோலைப் பற்றிப் பேசினேன். நண்பர்கள் 'மதம் பரப்புகிற மாதிரி இருக்கு' என்று ஒதுங்கிவிட்டார்கள். உண்மையைச் சொல்வது தப்பா? (கோயம்புத்தூர்)

தம்பி, உன் இரக்கத்தை நான் மதிக்கிறேன். நீ சொன்ன விஷயமும் உண்மை. ஆனால் ராகத்தில் கண் கலங்கி வெளியே வருகிறவரை வாசலில் நிறுத்தினால், அவர் காதில் உன் உண்மை விழாது, உன் கோபம்தான் விழும்.

எனக்கே ஒரே வாரத்தில் இரண்டு பேர் வந்தார்கள். ஓர் அம்மா பட்டறைக்குள் வந்து, 'இந்தப் பாவத் தொழிலை விட்டுவிடுங்கள்' என்று கால் மணி நேரம் பேசினார். மூன்றாம் நாள் எங்கள் சபையைச் சேர்ந்த ஒருவர் வந்து, விக்கிரகத்துக்கு முன்னால் வாசிக்கிற வாத்தியத்தைக் கிறிஸ்தவன் செய்யலாமா என்று வேத வசனத்தோடு ஆரம்பித்தார். கையில் ஈரத் தோல், பாதி இழுத்த வார். விட்டுவிட்டு எழவும் முடியாது. இரண்டு பேரும் என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால் மகனை ஏன் இந்தத் தொழிலுக்கு அழைத்து வரவில்லை என்று சொல்லியிருப்பேன். அதில் அவர்களுக்கு வேண்டிய பதில் பாதி இருந்தது.

நீ ஒரு பட்டறையில் வந்து உட்கார். தோல் எப்படி வருகிறது என்று பார். அப்புறம் உன் நண்பர்கள் கேட்கும்போது பார்த்ததைச் சொல். அவர்கள் கேட்கவில்லை என்றால் அன்றைக்கு விட்டுவிடு.

மயிலிறகு வைத்து முருகன் ஓவியம் செய்கிறேன். உதிர்ந்த இறகுதான் என்று கடைக்காரர் சொல்கிறார். நம்பலாமா? (திண்டுக்கல்)

உதிர்ந்த தோகை இறகை உள்நாட்டில் வைத்துக்கொள்ளவும் விற்கவும் சட்டம் இடம் தருகிறது. வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. சிங்கப்பூர் அக்காவுக்கு ஓவியம் அனுப்புவதாக இருந்தால் இறகில்லாத ஓவியமாக அனுப்புங்கள்.

இறகின் அடிக்காம்பைப் பாருங்கள். தானாக உதிர்ந்ததில் காம்பு காய்ந்து சுத்தமாக இருக்கும். பிடுங்கியதில் ரத்தக் கறையோ சதை ஒட்டலோ தெரியும். அதை மறைக்கத்தான் காம்பை வெட்டி விற்பார்கள். கட்டு முழுக்க ஒரே அளவில் காம்பு வெட்டியிருந்தால் நான் வாங்க மாட்டேன். பயிரைத் தின்கிறது என்று விஷம் வைத்து மயிலைக் கொல்வது நம் ஊரில் நடக்கிறது. அந்த இறகு முருகன் படத்துக்கு வரக் கூடாது என்பதுதான் உங்கள் கவலையாகவும் இருக்கும். விராலிமலை மாதிரி மயில் உலாவும் ஊர்ப் பக்கம் தெரிந்த விவசாயி யாராவது இருந்தால், தோகை உதிரும் காலத்தில் வரப்பில் பொறுக்கித் தரச் சொல்லுங்கள்.

'ஹத்தா ஜோடி' வேர், 'இந்திரஜால்' செடி இரண்டும் பூஜைக்கு நல்லது என்று இணையத்தில் விற்கிறார்கள். வாங்கலாமா?

இரண்டும் தாவரமே இல்லை. கூப்பிய கை மாதிரி இருக்கிறதே, அந்த ஹத்தா ஜோடி, ஆண் உடும்பின் காய்ந்த பிறப்புறுப்பு. இந்திரஜால் என்பது கடல் விசிறி, கருப்புப் பவளம் மாதிரியான கடல் உயிர். இரண்டுக்கும் சட்டத்தின் உச்சப் பாதுகாப்பு. வேர் என்று நம்பிச் சைவ வீடுகளில் பால் ஊற்றிப் பூஜை செய்கிறார்கள் என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது. நரிக்கொம்பு, புலிநகம், யானைமுடி மோதிரத்துக்கும் இதே பதில்தான். போலியாக இருந்தால் பணம் போகும், அசலாக இருந்தால் சிறை.

முதுமலைப் பக்கம் கீழே கிடந்த மான் கொம்பு. மான் தானாக உதிர்த்ததுதானே, எடுத்து வைத்துக்கொள்ளலாமா?

தானாக உதிர்த்ததுதான். ஆனாலும் எடுக்கக் கூடாது. மயிலிறகுக்கு உள்ள விலக்கு மான் கொம்புக்குக் கிடையாது.

வலம்புரிச் சங்கு வாங்க ஆசை. சங்கு எடுக்கும்போது உயிர் போகுமா? (திருநெல்வேலி)

போகும். தூத்துக்குடி, கீழக்கரைக் கடலில் மூழ்கி எடுக்கும் சங்கில் பெரும்பாலும் உயிர் இருக்கும். சதையை எடுத்துவிட்டுத்தான் ஓடு நம் கைக்கு வருகிறது. அது தெரிந்தே பூஜையில் வைப்பதா என்பதை நீங்கள்தான் யோசிக்க வேண்டும். என் ஆலோசனை, வீட்டில் பாட்டியின் சாதாரண இடம்புரிச் சங்கு ஒன்று இருந்தால் அதையே வையுங்கள்.

வலம்புரி என்று விற்பதில் பெரும்பகுதி அமெரிக்கக் கடற்கரையில் கிடைக்கும் வேறொரு நத்தை. அதற்குச் சுழியே இயல்பாக வலம்புரிப் பக்கம்தான். அசல் சங்கின் வாய்க்குள் நடுத்தண்டில் மூன்று நான்கு மடிப்புகள் வரி வரியாக ஓடும். அந்த நத்தையில் அப்படி இருக்காது. விரலை விட்டுத் தடவிப் பாருங்கள்.

எங்கள் ஜல்லிக்கட்டுக் காளை வயதாகி இறக்கும் நிலையில் இருக்கிறது. அதன் தோலில் கோயிலுக்கு உடுக்கை செய்து தருவீர்களா? அம்மா புதைக்க வேண்டும் என்கிறார். (சிவகங்கை)

இந்தக் கேள்வியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இது புது ஆசை இல்லை. புறநானூறு 288ஆம் பாட்டில் இரண்டு காளைகளை மோதவிட்டு, 'வென்றதன் பச்சை சீவாது போர்த்த' முரசு வருகிறது. ஜெயித்த காளையின் தோலை மயிர்கூடச் சீவாமல் போர்த்திய முரசு. உங்களுக்குத் தோன்றியது இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் ஒருவருக்கும் தோன்றியிருக்கிறது.

உடுக்கைக்கு மெல்லிய சவ்வு வேண்டும், கிழட்டுக் காளையின் தடித்த தோல் ஒத்துவராது. பெரிய முரசுக்கு வரும், வாருக்கும் வரும். இறந்த சில மணி நேரத்துக்குள் உரித்து உப்புப் போட்டாக வேண்டும். வீடே அழுதுகொண்டிருக்கும் நேரத்தில் நாங்கள் கத்தியோடு நிற்போம். அம்மா அதைப் பார்ப்பார் என்பதை இப்போதே நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காளைக்குத் தினமும் தவிடு கரைத்து வைத்தவர் யார்? அம்மா என்றால், அவர் சொல்கிறபடி மாலை போட்டுப் புதையுங்கள். கழுத்து மணியை மட்டும் கழற்றிக் கோயிலில் கட்டுங்கள். அம்மாவே மனசு மாறிச் சொன்னால் எந்த நேரமானாலும் கூப்பிடுங்கள், வருகிறேன். கூலி வேண்டாம், உப்பு மட்டும் ஒரு மூட்டை வாங்கி வையுங்கள்.