போடி ஜீப்பில் வளர்ந்தவர் பர்மிங்காமில் எந்த லேண்ட்ரோவர் வாங்கலாம்?

தம்பி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்கும் புரியும்படி முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பர்மிங்காம் வந்து எட்டு மாதம். மனைவியும் மூன்று வயது மகளும் கூட இருக்கிறார்கள். போடியிலிருந்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பிலேயே வளர்ந்தவர் நீங்கள். இங்கே ஒரு பழைய ஃபோர் வீல் டிரைவ் வாங்கி வேல்ஸ் மலைப்பக்கம் ஓட்ட ஆசை, கையில் 12,000 பவுண்டு. 1991 லேண்ட்ரோவர் டிஃபென்டர் ஒன்றையும் அதற்கு முந்திய தலைமுறையான 1982 சீரீஸ் 3 ஒன்றையும் பார்த்து வைத்திருக்கிறீர்கள், சுசுகி எஸ்.ஜே.யும் மனதில் இருக்கிறது. எது சரி என்று கேட்கிறீர்கள்.

என் பதில் 1982 சீரீஸ் 3. ஆனால் அதன் சேசிஸ், அதாவது அடிச்சட்டம், நன்றாக இருந்தால் மட்டும்தான். அதுவும் உங்கள் லைசென்ஸ் விஷயம் முடிந்த பிறகுதான்.

லைசென்ஸிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் புதிதாக வருபவர்கள் இதில்தான் சிக்குகிறார்கள். இந்திய லைசென்ஸை வைத்து இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் ஓட்டலாம். உங்களுக்கு இன்னும் நான்கு மாதம்தான் பாக்கி. அதற்குப் பிறகு நம் ஊர் எல்.எல்.ஆர். போன்ற புரொவிஷனல் லைசென்ஸ், தியரி, ரோடு டெஸ்ட் என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து முடிக்க வேண்டும். சீக்கிரம் பாஸாகலாம் என்று நம்மவர்கள் பலர் ஆட்டோமேட்டிக் காரில் டெஸ்ட் எடுக்கிறார்கள். அப்படி எடுத்தால் கியர் வண்டி ஓட்ட அனுமதி கிடையாது. நீங்கள் பார்க்கும் பழைய லேண்ட்ரோவர் எல்லாம் கியர் வண்டி. ஆகவே மேனுவலிலேயே டெஸ்ட் எடுங்கள். இன்சூரன்ஸும் இதோடு கட்டியது. பழைய வண்டிகளுக்கென்று கிளாசிக் பாலிசி என்று தனியாக உண்டு, சாதாரணப் பாலிசியைவிட மலிவு. ஆனால் பெரும்பாலும் பிரிட்டிஷ் லைசென்ஸ் கேட்பார்கள், அன்றாடம் ஓட்ட வேறொரு கார் உங்கள் பெயரில் இருக்க வேண்டும் என்பார்கள், வருடத்துக்கு இத்தனை மைல்தான் என்று வரம்பும் வைப்பார்கள். இப்போதே போனில் விலை கேட்டுப் பாருங்கள். வண்டியை வாங்கி வாசலில் நிறுத்திவிட்டு இன்சூரன்ஸ் தேடுகிற நிலை உங்களுக்கு வர வேண்டாம்.

சரி, ஏன் 1991 டிஃபென்டர் வேண்டாம் என்கிறேன்? வண்டியில் குறை இல்லை. அந்த 200 டிடிஐ டீசல் இன்ஜின் லேண்ட்ரோவர் செய்த மிக நல்ல இன்ஜின்களில் ஒன்று, காயில் ஸ்பிரிங் சவாரியும் பட்டை ஸ்பிரிங் உள்ள சீரீஸைவிடப் பல மடங்கு மேல். பிரச்சினை அதன் வயதில் இருக்கிறது. இந்த நாட்டில் 40 வயது ஒரு பெரிய எல்லைக்கோடு. அதைத் தாண்டிய வண்டியை ஹிஸ்டாரிக் வகைக்கு மாற்றிக்கொண்டால் சாலை வரி இல்லை. பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டி என்றால் நம் ஊர் எஃப்.சி. போன்ற எம்.ஓ.டி. சோதனையும் கட்டாயமில்லை. அதைவிட முக்கியமானது, புகை அதிகம் விடும் வண்டிகளிடம் நாள் கட்டணம் வாங்கும் பர்மிங்காம் சுத்தக் காற்று மண்டலத்திலும் லண்டன் யூலெஸ் மண்டலத்திலும் ஹிஸ்டாரிக் வரி வகையில் இருக்கும் வண்டிக்கு அந்தக் கட்டணம் கிடையாது. 1991 டீசலுக்கு இந்தச் சலுகை எதுவும் இல்லை. பர்மிங்காம் நகர மையத்துக்குள் நுழையும் ஒவ்வொரு நாளும் 8 பவுண்டு. லண்டனில் 12.50 பவுண்டு, அதுவும் 2023 ஆகஸ்டிலிருந்து லண்டன் நகரம் முழுவதற்கும். உங்கள் வேலை நகர மையத்தில், வீடு அந்த மண்டலத்தின் எல்லையான வளையச் சாலைக்கு வெளியே என்று எழுதியிருக்கிறீர்கள். ஆக, அந்த டிஃபென்டரை அலுவலகத்துக்கு ஒருநாள் எடுத்துப் போகலாம் என்று தோன்றினாலும் காசுதான்.

இன்னொன்று திருட்டு. டிஃபென்டருக்கு இங்கே இருக்கும் கிராக்கியில் முழு வண்டியைத்தான் என்றில்லை, கதவையும் பானட்டையும்கூடக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். பூட்டிய கராஜ் இல்லாமல் தெருவில் நிறுத்தும் உங்களுக்கு அந்தத் தலைவலி வேண்டாம். சீரீஸ் வண்டியும் திருடு போகும், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அளவுக்குக் கண் வைப்பதில்லை.

1983-இல் வந்த ஒன் டென், அடுத்த ஆண்டு வந்த நைன்ட்டி இரண்டும் டிஃபென்டரின் மூத்த வடிவங்கள். டிஃபென்டர் என்ற பெயரே 1990-இல்தான் வந்தது. அவற்றில் முதல் வண்டிகள் 40 வயதைத் தொட்டுவிட்டன, காயில் ஸ்பிரிங்கும் உண்டு. நல்லது கிடைத்தால் அருமைதான். ஆனால் இந்தச் சலுகைகளை விற்பவர்களும் கணக்குப் போட்டுத்தான் விலை வைக்கிறார்கள். உங்கள் பட்ஜெட்டில் வருவது பெரும்பாலும் வெல்டிங் வேலை காத்திருக்கும் வண்டியாக இருக்கும்.

சுசுகி எஸ்.ஜே. நம் ஊர் மாருதி ஜிப்சியின் சொந்தக்காரன்தான். எடை குறைவு, சேற்றில் ஆடு மாதிரி ஏறிப் போகும். ஆனால் முழுக்க இரும்புத் தகடு. குளிர்காலத்தில் இங்கே சாலையில் கொட்டும் உப்புக்கு அந்தத் தகடு தாங்கவில்லை, நல்ல வண்டிகள் மிகக் குறைவாகவே மிஞ்சியிருக்கின்றன. பாகம் தேடுவதும் சிரமம். லேண்ட்ரோவருக்கோ ஒரு சிறிய பிராக்கெட் முதல் முழுச் சேசிஸ் வரை இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். முதல் பழைய வண்டி வாங்குபவருக்கு இதைவிடப் பெரிய நிம்மதி இல்லை.

சீரீஸ் வண்டியை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பணம் தப்புவதும் போவதும் இங்கேதான். போரில் மிஞ்சிய வில்லிஸ் ஜீப் ஒன்றை ஆங்கில்சி தீவில் தன் பண்ணையில் ஓட்டிக்கொண்டிருந்த ரோவர் கார் கம்பெனியின் மாரிஸ் வில்க்ஸ், அதற்கு மாற்றாகத்தான் லேண்ட்ரோவரை யோசித்தார். முதல் மாதிரி வண்டியே ஜீப் சேசிஸ் மேல் கட்டியது. நீங்கள் வளர்ந்த மஹிந்திரா ஜீப்பும் வில்லிஸ் வழி வந்ததுதான், ஆகவே இது உங்களுக்கு ஒன்றுவிட்ட உறவு. லேண்ட்ரோவர் 1948-இல் விற்பனைக்கு வந்தபோது பிரிட்டனில் இரும்புக்கு ரேஷன். அதனால் மேல் உடம்பை அலுமினியக் கலவையில் செய்தார்கள். சேசிஸும் பல்க்ஹெட்டும், அதாவது டாஷ்போர்டையும் கதவுக் கீல்களையும் தாங்கும் முன் சுவர், இரும்பிலேயே இருந்தன. சீரீஸ் 3 வரைக்கும் இதே அமைப்புதான். விளைவு என்ன? மேலே பெயின்ட் பளபளக்கும், துரு இல்லாமல் அழகாக நிற்கும், கீழே எலும்பு செல்லரித்திருக்கும். படத்தைப் பார்த்து மயங்க இதைவிட வசதியான வண்டி உலகத்தில் கிடையாது. என்னோடு வேலை செய்யும் ஒருவர் பார்க்கப் போன பச்சை வண்டி அப்படித்தான். பெயின்ட் புதிது, சீட் புதிது. பின்பக்கக் குறுக்குச் சட்டத்தில் ஸ்க்ரூடிரைவரை லேசாக அழுத்தியதும் கைப்பிடி வரை உள்ளே போய்விட்டது.

சேசிஸ் பெட்டி வடிவத்தில் வெல்டிங் செய்தது. உள்ளே ஈரமும் சேறும் தங்கி உள்ளிருந்து வெளியே துருப்பிடிக்கும். வெளியே தெரியும்போது காரியம் முடிந்திருக்கும். ஆகவே விற்பவரிடம் கேட்டுவிட்டு ஒரு சின்னச் சுத்தியலால் நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், கெட்டது மொத்தென்று கேட்கும். பின்பக்கக் குறுக்குச் சட்டம், பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்குகள் மாட்டியிருக்கும் இடங்கள், பல்க்ஹெட்டைத் தாங்கும் பக்கவாட்டுக் கைகள், இந்த மூன்றையும் விடாமல் பாருங்கள். அப்புறம் உள்ளே ஏறி கால்மிதி ரப்பரைத் தூக்கி கால்குழியைப் பாருங்கள், கதவுத் தூண்களின் அடியைப் பாருங்கள். பல்க்ஹெட் போயிருந்தால் அதைச் சரிசெய்ய வண்டியின் முன்பகுதியையே பிரிக்க வேண்டும். அடியில் கெட்டியாகக் கறுப்புப் பூச்சு புதிதாக அடித்திருந்தால் எதை மறைக்க அடித்தார்கள் என்று கேளுங்கள். நேர்மையான விற்பனையாளர் பூசுவதற்கு முன் எடுத்த படங்களைக் காட்டுவார்.

என்னைக் கேட்டால், துத்தநாகம் பூசிய கால்வனைஸ்டு சேசிஸ் ஏற்கெனவே மாற்றி, அதற்கு ரசீதும் வைத்திருக்கும் வண்டிக்குக் கூடுதலாகக் கொடுங்கள், கொஞ்சமும் யோசிக்க வேண்டாம். பெயின்ட் மங்கியிருக்கட்டும், சீட் கிழிந்திருக்கட்டும். சேசிஸின் விலையே ஈராயிரம் பவுண்டுக்கு மேல், மாற்றும் கூலி அதைவிட அதிகம். அந்தச் செலவை வேறொருவர் செய்து முடித்த வண்டி உங்களுக்கு லாபம்.

பேப்பர்களுக்கு வருவோம். வி5சி என்பது இங்கே ஆர்.சி. புத்தகம் போல. ஆனால் அது வண்டியைப் பதிவில் வைத்திருப்பவர் யார் என்று மட்டுமே சொல்லும், உரிமைப் பத்திரம் அல்ல. அதனால் விற்பனை ரசீதும் எழுதி வாங்குங்கள், கடன் பாக்கி இருக்கிறதா என்றும் சோதித்துவிடுங்கள். அதிலுள்ள சேசிஸ் எண்ணை வண்டியின் தகட்டோடும், முன்பக்கம் வலது ஸ்பிரிங் பிடிமானத்தின் அருகே சேசிஸில் குத்தியிருக்கும் எண்ணோடும் ஒப்பிடுங்கள். சேசிஸ் மாற்றிய வண்டியில் குத்திய எண் இல்லாமல் போகலாம், அங்கேதான் ரசீதின் அவசியம். இன்னொரு அடையாளம் சொல்கிறேன். சீரீஸ் வண்டிகள் எல்லாம் தொழிற்சாலையிலிருந்து பட்டை ஸ்பிரிங்கோடுதான் வந்தன. பேப்பரில் சீரீஸ் 3 என்று இருந்து, குனிந்து பார்த்தால் காயில் ஸ்பிரிங் இருந்தால், வரிச் சலுகைக்காக வேறு வண்டியின் சேசிஸில் பழைய அடையாளத்தை ஏற்றியிருக்க வாய்ப்பு உண்டு. வண்டிப் பதிவையும் லைசென்ஸையும் பார்க்கும் அரசு அமைப்பான டி.வி.எல்.ஏ. அதைக் கண்டுபிடித்தால் பதிவு எண்ணையே பறிக்கலாம். நீங்கள் விசாவில் இருப்பவர், சட்டச் சிக்கல் எதிலும் மாட்டக் கூடாது. விலை எவ்வளவு குறைத்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

பழைய எம்.ஓ.டி. முடிவுகளை அரசுத் தளத்தில் பதிவு எண்ணைப் போட்டு இலவசமாகப் படிக்கலாம். ஆண்டுக்கு ஆண்டு துரு பற்றிய குறிப்பு எப்படி வளர்ந்தது, மைல் கணக்கு ஒழுங்காக ஏறியதா என்றெல்லாம் தெரியும். சோதனை கட்டாயமில்லை என்றாலும் வருடம் ஒருமுறை நீங்களாகவே எம்.ஓ.டி. செய்துகொள்ளுங்கள். ஆபத்தான நிலையில் வண்டி ஓட்டினால் 2,500 பவுண்டு வரை அபராதமும் லைசென்ஸில் 3 புள்ளிகளும் உண்டு. அபராதத்தை விடுங்கள், குழந்தை ஏறும் வண்டி அது.

இன்ஜினைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். 2.25 லிட்டர் பெட்ரோல் வாங்குங்கள். அதே அளவு டீசல் மிக மந்தம். 1980-லிருந்து வந்த இன்ஜின்களில் கிராங்க் தண்டைத் தாங்க மூன்றுக்குப் பதில் ஐந்து பேரிங், நீங்கள் பார்த்த 1982 வண்டி அதற்குப் பிந்தியது, நல்லது. 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள், பழைய ரப்பர் குழாய்களை அது அரிக்கும். எத்தனால் குறைவான சூப்பர் பெட்ரோல் போடுங்கள். ஓட்டிப் பார்க்கும்போது இரண்டாவது, மூன்றாவது கியரில் வேகமெடுத்துச் சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விடுங்கள். கியர் தானாக நழுவி வெளியே வந்தால் கியர் பாக்ஸ் வேலை இருக்கிறது. மஞ்சள் குமிழை அழுத்தி ஃபோர் வீல், சிவப்பு லீவரை இழுத்து லோ கியர், இரண்டையும் போட்டுப் பாருங்கள். முன் சக்கரத்தை முழுக்கத் திருப்பி, பின்னால் தெரியும் குரோம் உருண்டையில் குழி குழியாகத் துரு இருக்கிறதா பாருங்கள். ஆயில் கொஞ்சம் ஒழுகும், அதற்காக நல்ல வண்டியை விட்டுவிடாதீர்கள்.

வீட்டில் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். மணிக்கு 50 மைலுக்கு மேல் சுகமில்லை. மோட்டார்வேயில் லாரிகள் 56 மைலில் உங்கள் பின்னால் வந்து நிற்கும். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், ஹீட்டர் பெயருக்குத்தான். கேலனுக்கு 18 மைல் கொடுத்தால் அதிகம். பின்னால் பக்கவாட்டில் இருக்கும் பெஞ்சில் குழந்தை இருக்கை மாட்ட முடியாது. முன்னோக்கிய சீட்டும் சரியான பெல்ட்டும் பொருத்தும் வரை மகளை ஏற்றாதீர்கள். குடும்பத்துக்கு ஒரு சாதாரண கார் முதலில் இருக்கட்டும், கிளாசிக் இன்சூரன்ஸுக்கும் அது தேவைப்படுகிறதே.

பணத்தை இப்படிப் பிரியுங்கள்: வண்டிக்கு 9,000, மீதி 3,000 தொடாமல் பிரேக், டயர், வயரிங் வேலைக்கு. ஒருநாள் ஊருக்குக் கொண்டுபோகலாம் என்ற கணக்கில் வாங்காதீர்கள், பழைய வண்டி இறக்குமதிக்கு இந்தியாவில் கடும் கட்டுப்பாடு. இங்கேயே ஓட்டி இங்கேயே விற்றுவிட்டுப் போகும் வண்டி இது.

கடைசியாக, எங்கே ஓட்டுவது? போடிமெட்டுக்கு மேலே ஜீப் ஏறுகிற தடம் எல்லாம் வழிதான். இங்கே அப்படியில்லை. ஃபுட்பாத் (நடப்பவர்களுக்கு), பிரிடில்வே (குதிரைக்கு) என்று குறித்த பாதைகளில் வண்டி போனால் குற்றம். எல்லா வாகனத்துக்கும் திறந்த பைவே என்று ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற அரசு வரைபடத்தில் குறித்தவற்றில் போகலாம், அவற்றிலும் சில தடை ஆணையால் மூடியவை. பீக் டிஸ்ட்ரிக்டில் ஸ்டானேஜ் பக்கம் லாங் காஸ்வே அப்படி மூடியதுதான். இப்படிப்பட்ட மண்பாதைகளில் ஓட்டுபவர்களின் சங்கமான கிரீன் லேன் அசோசியேஷனில் சேர்ந்தால் எது திறந்திருக்கிறது என்று அவர்கள் வரைபடத்தில் பார்த்துக்கொள்ளலாம், கூட்டாகப் போகும் நாட்களில் உங்களையும் சேர்த்துக்கொள்வார்கள். தனியாக ஒருபோதும் போகாதீர்கள்.

நான் இருப்பது கவன்ட்ரி பக்கம், உங்களுக்கு அதிக தூரமில்லை. அந்த 1982 வண்டியின் விற்பனையாளரிடம் பின் குறுக்குச் சட்டத்தையும் கால்குழிகளையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மறுத்தால் அதை மறந்துவிடுங்கள். அனுப்பினால் எனக்கும் காட்டுங்கள். பார்க்கப் போகும் நாள் சனிக்கிழமையாக இருந்தால் சுத்தியலோடு நானும் வருகிறேன்.