தென் கொரியாவில் ராணுவத்துக்குப் போக மறுத்தால் சிறையாமே? நீங்களாக இருந்தால் எதற்குப் போவீர்கள்?

கொரிய இசைக்குழுவான பி.டி.எஸ் பாடகர்கள் ஒவ்வொருவராகப் பாட்டை நிறுத்திவிட்டு ராணுவ சேவையை முடித்து வந்ததைப் பார்த்துத்தான் இதைக் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ராணுவத்துக்குத்தான் போயிருப்பேன். துப்பாக்கியைத் தொடவே மாட்டேன் என்கிற அளவுக்கு எனக்கு எந்த நம்பிக்கையும் கிடையாது. ஆனால் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை என்று ராணுவத்தை மறுத்துச் சிறைக்குப் போய் வந்த ஒருவரோடு கொரியாவில் ஒரே ஆய்வகத்தில் வேலை பார்த்திருக்கிறேன். அதனால், 'கஷ்டத்துக்குப் பயந்து ஜெயிலுக்குப் போனவர்கள்' என்று யாராவது இவர்களைச் சொன்னால் என்னால் கேட்டுக்கொண்டு இருக்க முடிவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்ப்போம். உடல் தகுதி உள்ள ஆண்கள் எல்லோருக்கும் சேவை கட்டாயம். 19 வயதில் மருத்துவப் பரிசோதனை. இப்போதைய கணக்கில் தரைப்படைக்கு 18 மாதம், கடற்படைக்கு 20, விமானப்படைக்கு 21. 1953-ல் வட கொரியாவோடு போர் நிறுத்தம்தான் ஆனது, சமாதான ஒப்பந்தம் இன்றுவரை இல்லை. அதனால் அங்கே இது சும்மா ஒரு பழைய சட்டம் இல்லை, வீட்டுக்கு வீடு நடக்கிற விஷயம். அழைப்பு வந்து, 'நியாயமான காரணம்' இல்லாமல் குறித்த நாளிலிருந்து மூன்று நாளுக்குள் போய்ச் சேராவிட்டால், ராணுவ சேவைச் சட்டத்தின் 88-ஆம் பிரிவுப்படி மூன்று ஆண்டு வரை சிறை.

மூன்று ஆண்டு வரை என்று சட்டம் சொன்னாலும், 2001-க்குப் பிறகு நீதிபதிகள் அநேகமாக எல்லோருக்கும் ஒரே தண்டனையைத்தான் கொடுத்தார்கள்: ஒன்றரை ஆண்டு. இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஒன்றரை ஆண்டோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றவரை மறுபடி படைக்கு அழைக்கக் கூடாது என்று விதி. அதற்கு ஒரு மாதம் குறைத்துக் கொடுத்தாலும், அவர் வெளியே வந்த கையோடு அடுத்த அழைப்பு வரும். அவர் மறுபடி மறுப்பார், மறுபடி சிறை. அதாவது அந்த 18 மாதம் நீதிமன்றம் காட்டிய கருணை. இது புரியும்வரை அந்த எண் எனக்கு வெறும் தண்டனையாகத்தான் தெரிந்தது.

அதற்கு முன்னால் இருந்த நிலைமை இன்னும் மோசம். 1970-களில் மறுத்தவர்களைக் கட்டாயப்படுத்திப் படைமுகாமுக்குள் கொண்டுபோய், அங்கே துப்பாக்கியை வாங்க மறுத்ததும் ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். அடி உதை உண்டு. சிலர் உயிரே விட்டிருக்கிறார்கள். 1950-களிலிருந்து கணக்கெடுத்தால் சிறைக்குப் போனவர்கள் சுமார் 19,000 பேர், அவர்களில் மிகப் பெரும்பாலோர், ஆயுதம் எடுக்கக் கூடாது என்று நம்பும் கிறிஸ்தவப் பிரிவான யெகோவாவின் சாட்சிகள். 2001 டிசம்பரில் ஓ டே-யாங் என்ற பௌத்த இளைஞர் வெளிப்படையாக மறுத்த பிறகுதான், இது ஒரு மதத்தாரின் பிரச்சினை மட்டும் இல்லை என்று நாடு பேச ஆரம்பித்தது.

என் சக ஆய்வாளர் சொன்ன விஷயங்களுக்கு வருகிறேன். அவருடைய விசாரணை சில நிமிடத்தில் முடிந்துவிட்டதாம். மனம் மாறவில்லையா என்று நீதிபதி கேட்டார், இல்லை என்று இவர் சொன்னார். தீர்ப்பு வந்தது, அங்கிருந்தே சிறைக்கு அழைத்துப் போய்விட்டார்கள். அவருடைய அண்ணனும் சில ஆண்டுகளுக்கு முன் அதே மாதிரி போய் வந்தவர். 'எனக்கு மூத்தவன் போனபோதே என் அம்மா அழுது முடித்துவிட்டார்' என்று ஒருமுறை சொன்னார்.

உள்ளே இவருக்குச் சாப்பாட்டு வண்டி தள்ளும் வேலை. கொதிக்கிற சூப் பாத்திரத்தோடு தாழ்வாரம் நெடுக நடந்து, அறைக் கதவில் இருக்கும் சின்னத் திறப்பு வழியாக ஒவ்வொரு தட்டாக உள்ளே தள்ள வேண்டும். இந்தப் பையன்கள் வந்தால் சிறை அதிகாரிகளுக்கு நிம்மதியாம். சண்டை கிடையாது, திருட்டு கிடையாது, ஓடிப்போகவும் மாட்டார்கள். அதனால் அலுவலக வேலை, சமையல், நோயாளிக் கைதிகளைக் கவனிப்பது என்று நம்பிக்கையான வேலையெல்லாம் இவர்களுக்குத்தான். குற்றவாளி என்று அடைத்த அரசே அவர்களை நம்பித்தான் சிறையை ஓட்டியது. எனக்கு இது ரொம்ப நாள் மனதை உறுத்தியது.

ஆனால் அவர் உள்ளே இருந்த காலத்தைவிட வெளியே வந்த பிறகுதான் அதிகம் கஷ்டப்பட்டார். கொரியாவில் ஆண்கள் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது ராணுவ சேவை என்று ஒரு கட்டம் இருக்கும்: முடித்தவரா, விலக்குப் பெற்றவரா, முடிக்காதவரா. 'முடித்தவர்' என்பதைத் தவிர எதை நிரப்பினாலும் அடுத்து 'ஏன்?' என்ற கேள்வி வரும். சிறைத் தண்டனை முடிந்து ஐந்து ஆண்டுக்கு அரசு வேலைக்குப் போக முடியாது. படித்த பையன், மதிப்பெண் எல்லாம் நன்றாகவே இருக்கும், அந்தக் கட்டத்தில் வந்து நின்றுவிடுவார்.

அப்புறம், எங்கள் ஆய்வகத்திலேயே ராணுவத்துக்குப் போய் வந்த இன்னொருவர் இருந்தார். காங்வோன் மாகாணத்தில் எல்லைக்குப் பக்கத்தில் அவருக்குப் பணி. அங்கே குளிர்காலத்தில் மைனஸ் 20 டிகிரி வரை போகும். இரவெல்லாம் காவல், விடிந்ததும் பனியை அள்ளி ஒதுக்க வேண்டும், ஒதுக்கி முடிப்பதற்குள் மறுபடி கொட்டும். அவர் கேட்ட கேள்வி கொரியாவில் பலரும் கேட்பதுதான்: 'அப்படியானால் போன எங்களுக்கெல்லாம் மனசாட்சி இல்லையா?' அந்தக் காலத்தில் தரைப்படை சேவை 21 மாதம். சிறைத் தண்டனை 18 மாதம், அதிலும் பலர் நன்னடத்தையால் முன்கூட்டியே வெளியே வந்தார்கள். கணக்குப் பார்த்தால் சிறையில் இருந்த காலம்தான் குறைவு. அவருடைய ஆதங்கத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 20 வயதில் வாழ்க்கையிலிருந்து இரண்டு வருடத்தை எடுத்துக் கொடுத்தவருக்கு அதைக் கேட்க எல்லா உரிமையும் உண்டு. ஆனால் அவருடைய விண்ணப்பத்தில் 'முடித்தவர்' என்று இருக்கும். மற்றவர் பெயரில் ஆயுளுக்கும் ஒரு குற்றப் பதிவு இருக்கும். மாதக் கணக்கை வைத்து மட்டும் இரண்டையும் எடைபோட முடியாது.

வேறு வழியே இல்லையா என்றால், சிலருக்கு உண்டு. ஒலிம்பிக்கில் பதக்கமோ ஆசிய விளையாட்டில் தங்கமோ வென்றவர்களுக்குச் முகாம் வாழ்க்கை சில வார அடிப்படைப் பயிற்சியோடு முடிந்துவிடும், பிறகு தங்கள் துறையிலேயே இருந்துகொண்டு கொஞ்சம் சமூகப் பணி செய்தால் போதும். கால்பந்து வீரர் சன் ஹியுங்-மின் 2018-ல் அப்படித்தான் தப்பித்தார். பாடகர் யூ சுங்-ஜுன் 2002-ல் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிக்கொண்டார். அவரை நாட்டுக்குள் நுழையவே தடை செய்துவிட்டார்கள், அந்தக் கோபம் இன்னும் தணியவில்லை. இதைப் பார்த்தால்தான் சிறைக்குப் போனவர்களின் நேர்மை புரியும். அவர்கள் காரணம் ஜோடிக்கவில்லை, உடம்பைக் கெடுத்துக்கொள்ளவில்லை, நாட்டை விட்டு ஓடவும் இல்லை. அழைப்பு வந்த நாளில் 'நான் வரமாட்டேன், தண்டனை கொடுங்கள்' என்று நின்றார்கள்.

2018-ல்தான் நிலைமை மாறியது. ஜூன் 28-ஆம் தேதி, ராணுவத்துக்குப் பதிலாக ஆயுதம் இல்லாத மாற்றுப் பணிக்கு வழி வைக்காத சட்டம் அரசியலமைப்புக்குப் பொருந்தாது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்னது. நவம்பர் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், மனசாட்சியும் 'நியாயமான காரணம்'தான் என்று தீர்ப்பளித்தது. அதோடு விட்டார்களா என்றால் இல்லை. மனசாட்சி உண்மையா பொய்யா என்று கண்டுபிடிக்க, அந்த இளைஞர் இணையத்தில் துப்பாக்கி சுடும் விளையாட்டு ஆடியிருக்கிறாரா என்றுகூட அரசு வழக்கறிஞர்கள் தேடினார்கள். 15 வயதில் நண்பர்களோடு ஆடிய விளையாட்டை வைத்து ஒருவருடைய உள்மனதை அளக்க முடியும் என்று நான் நம்பவில்லை.

இப்போது 2020 அக்டோபரிலிருந்து மாற்றுப் பணி இருக்கிறது. எங்கே தெரியுமா? சிறைச்சாலைகளில். 36 மாதம் அங்கேயே தங்கி, சமையல், துப்புரவு, சாமான் எடுத்துக் கொடுப்பது, கட்டடப் பராமரிப்பு. என் சக ஆய்வாளர் கைதியாகச் செய்த அதே மாதிரி வேலைகள்தான். குற்றப் பதிவு இல்லை, சம்பளம் உண்டு, விடுமுறைக்கு வீட்டுக்குப் போகலாம். அது பெரிய வித்தியாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் காலம் தரைப்படை சேவையைப் போல இரண்டு மடங்கு. 2024-ல் அரசியலமைப்பு நீதிமன்றமும் இந்த 36 மாதம் சரிதான் என்று சொல்லிவிட்டது. மாற்றுப் பணி கேட்டும் விண்ணப்பத்தைப் பரிசீலனைக் குழு ஏற்காதவருக்கும், இந்த மாற்றுப் பணிக்கும் வரமாட்டேன் என்பவருக்கும் இன்றும் 88-ஆம் பிரிவு இருக்கிறது. அதனால் உங்கள் கேள்விக்கு, ஆமாம், சிலருக்கு இன்னும் சிறைதான்.

பழைய தண்டனைகள் என்ன ஆயின என்று பலருக்குத் தெரியாது. 2018-ல் அரசியலமைப்பு நீதிமன்றம் தண்டனை கொடுக்கும் 88-ஆம் பிரிவை ரத்து செய்யாமல் விட்டதால், ஏற்கெனவே தண்டனை முடித்தவர்களுக்கு மறுவிசாரணைக்கு வழி கிடைக்கவில்லை. 2019 டிசம்பர் கடைசியில் அரசு அறிவித்த சிறப்பு மன்னிப்பில் 1,879 பேருக்கு வேலைத் தகுதி போன்ற தடைகள் நீங்கின. தடை போனது, தீர்ப்பு போகவில்லை.

மாற்றுப் பணி ராணுவத்தைவிடக் கொஞ்சம் நீளமாக இருப்பதை நான் எதிர்க்கவில்லை. எல்லையில் பனி அள்ளியவருக்கும் ஒரு நியாயம் வேண்டும். ஆனால் ஒன்றரை மடங்கு போதும், அதாவது 27 மாதம். வேலையையும் சிறை மதிலுக்குள்ளேயே வைக்க வேண்டியதில்லை. சட்டம் தயாரான சமயத்தில் தீயணைப்பு நிலையங்களில் போடலாமா என்று அவர்களே யோசித்தார்கள். கொரியாவில் முதியவர்கள் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது, முதியோர் இல்லங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் ஆள் தேவை. ஆயுதம் எடுக்க மாட்டேன் என்கிற இளைஞரை அங்கே அனுப்பினால் அவரும் மனதாரச் செய்வார், நாட்டுக்கும் உபயோகம்.