வழக்குப் போட நீ யார்?

கேள்வி: கல்லூரியில் அமெரிக்க வரலாறு படிக்கிறேன். டிரெட் ஸ்காட் வழக்கில் அவர் தோற்றது அடிமை என்பதாலா, குடிமகன் இல்லை என்பதாலா? ஒரே ஒரு தீர்ப்பு ஒரு நாட்டை உள்நாட்டுப் போர் வரைக்கும் கொண்டுபோய் விடுமா? அவர் மனைவியும் வழக்குப் போட்டாராமே, அவரைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?
– ஒரு மாணவி, கொளப்பள்ளி

பதில்: கடிதத்தின் கீழே கொளப்பள்ளி என்று இருந்ததைப் பார்த்ததும் மறுபடி மேலே போய்ப் படித்தேன். இலங்கையிலிருந்து வந்தவர்கள் குடியிருக்கும் டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) லைன் வீடுகளில் பிரஜாவுரிமை, அதாவது குடியுரிமை, என்ற சொல்லைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை உண்டா? கோத்தகிரியில் முப்பது வருஷம் வரலாறு நடத்தினேன். அந்தச் சொல்லை எனக்குக் கற்றுக்கொடுத்தது பாடப்புத்தகம் இல்லை, அப்பா.

விடுதலை கேட்டு வழக்குப் போட்ட கறுப்பின அடிமை டிரெட் ஸ்காட். அவரைப் பற்றிய உங்கள் முதல் கேள்விக்கு நேரான பதில்: குடிமகன் இல்லை என்பதால். அவர் அடிமைதான் என்றும் சேர்த்தே சொன்னார்கள். ஆனால் கதவை அடைத்தது குடியுரிமைக் கேள்விதான்.

டிரெட் ஸ்காட்டை விலைக்கு வாங்கியவர் ஜான் எமர்சன் என்ற ராணுவ டாக்டர். அவர் மாற்றலாகிப் போன இடங்களுக்கெல்லாம் ஸ்காட்டையும் கூட்டிப்போனார். முதலில் இலினாய், அப்புறம் இன்றைய மினசோட்டாவில் இருக்கும் ஸ்னெல்லிங் கோட்டை. இரண்டும் அடிமைமுறை தடைசெய்யப்பட்ட மண். மிசூரி மாநில நீதிமன்றங்கள் 1824இலிருந்தே ஒரு வழக்கம் வைத்திருந்தன: அப்படிப்பட்ட மண்ணில் குடியிருக்க வைத்த அடிமைக்கு விடுதலை கிடைத்துவிடும், திரும்பி வந்தாலும் அது போகாது. இதை நம்பித்தான் 1846இல் செயின்ட் லூயிஸில் ஸ்காட் வழக்குப் போட்டார். டாக்டர் அதற்குள் இறந்துவிட்டதால் வழக்கு அவர் மனைவி மேல். 1847இல் தோல்வி. அந்த அம்மாதான் ஸ்காட்டை அடிமையாக வைத்திருக்கிறார் என்பதற்கே சாட்சி போதவில்லையாம்! 1850இல் மறுவிசாரணையில் ஜூரி விடுதலை கொடுத்தது. 1852இல் மாநில உச்ச நீதிமன்றம் அதைப் பிடுங்கிக்கொண்டது. சட்டத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. காலம் முன்போல் இல்லை என்று தீர்ப்பிலேயே எழுதினார்கள். வகுப்பில் இந்த இடம் வரும்போதெல்லாம் எனக்குக் குரல் அடைத்துக்கொள்ளும்.

பிறகு மத்திய நீதிமன்றம். ஒரு மாநிலத்துக் குடிமகன் இன்னொரு மாநிலத்துக் குடிமகன் மேல் போடும் வழக்கு என்றால்தான் அங்கே எடுப்பார்கள். அதனால் 'இவன் குடிமகனா?' என்பதே முதல் கேள்வி ஆகிவிட்டது. 1857 மார்ச் 6ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ரோஜர் டானி பதில் சொன்னார்: அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட கறுப்பினத்தவரின் வம்சத்தில் வந்த யாரும், இன்று சுதந்திரமாக இருந்தாலும், குடிமகன் ஆக முடியாது. ஆக, ஸ்காட் அடிமையாக இல்லாமல் இருந்திருந்தாலும் அந்தப் படியேறியிருக்க முடியாது. ஒன்பது பேரில் ஏழு பேர் ஸ்காட்டுக்கு எதிராகப் போனார்கள். எதிர்த்து எழுதிய இருவரில் கர்ட்டிஸ் ஒரு கணக்கைக் காட்டினார்: நாடு உருவான காலத்திலேயே ஐந்து மாநிலங்களில் சுதந்திரமான கறுப்பர்கள் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள், அப்புறம் எப்படிக் குடிமக்கள் இல்லை? அந்த வருஷமே அவர் பதவியை விட்டுப் போய்விட்டார்.

என் அப்பா இலங்கையில் பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1948ஆம் வருஷத்து இலங்கைச் சட்டம் கேட்டது இது: அங்கே பிறந்தால் மட்டும் போதாது, அப்பாவும் அங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்த கொள்ளுத்தாத்தாவுக்கு யார் பிறப்புச் சீட்டு எழுதி வைத்தார்கள்? வாக்காளர் பட்டியலில் பெயர் கேட்டு கோடகன் பிள்ளை என்பவர் நடத்திய வழக்கு அப்போது கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1953இல் தோற்றது. யார் குடிமகன் என்று முடிவு செய்வது நாடாளுமன்றத்தின் வேலை, இது ஒரு சமூகத்தைக் குறிவைத்த சட்டம் இல்லை என்றார்கள். 1964இல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். குடியுரிமை இல்லாமல் நின்றவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று பங்கு பிரித்தார்கள். தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக இந்த மலைக்கு வந்த அப்பா, அதுவரை கண்ணால் பார்த்திராத நாட்டுக்குத் 'தாயகம் திரும்பியவர்' ஆனார். இதை நான் அடிமைமுறையோடு சமமாக வைக்க மாட்டேன். தோட்டத்தில் அப்பாவை யாரும் ஏலம் போடவில்லை. ஆனால் 'கேட்க நீ யார்?' என்று ஒரு நீதிமன்றம் சொன்னால் வீட்டுக்குள் என்ன நடக்கும் என்பது எங்களுக்குத் தெரியும்.

சரி, போர். தீர்ப்பால்தான் போர் வந்தது என்று பரீட்சையில் எழுதிவிடாதீர்கள். 1860இல் அங்கே ஏறக்குறைய 40 லட்சம் அடிமைகள் இருந்தார்கள், வேர் அதுதான். தீர்ப்பு செய்தது, சமரசத்துக்கு இருந்த வழியை மூடியது. குடிமகன் இல்லை என்றதோடு டானி நிற்கவில்லை. புதிய பிரதேசங்களில் அடிமைமுறையைத் தடுக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரமே கிடையாது, வடக்குப் பிரதேசங்களில் அதைத் தடுத்த 1820ஆம் வருஷத்து மிசூரி உடன்பாடு செல்லாது என்றும் சொன்னார். புதிய பிரதேசங்களுக்கு அடிமைமுறை பரவக்கூடாது என்பதுதான் குடியரசுக் கட்சியின் மூல முழக்கம்; அதையே சட்டவிரோதம் ஆக்கினால் அவர்கள் சும்மா இருப்பார்களா? குடியேறியவர்களே முடிவு செய்துகொள்ளட்டும் என்ற ஜனநாயகக் கட்சியின் டக்ளசுக்கும் காலடி மண் சரிந்தது. 1860இல் அந்தக் கட்சி பிளந்து இரண்டு வேட்பாளர்களை நிறுத்தியது. குடியரசுக் கட்சியின் லிங்கன் 40 சதவீதத்துக்கும் குறைவான ஓட்டில் ஜெயித்தார். அவர் பதவி ஏற்பதற்குள் ஏழு மாநிலங்கள் பிரிந்து போயின. 1861 ஏப்ரல் 12, சம்டர் கோட்டையில் முதல் பீரங்கி.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் கேட்டதற்காகச் சந்தோஷப்பட்டேன். ஸ்காட் மனு கொடுத்த அதே நாளில் அவர் மனைவி ஹாரியட்டும் தன் பெயரில் தனி மனு கொடுத்தார். 1850இல், ஒரு வழக்கை நடத்தினால் போதும், முடிவு இருவருக்கும் என்று ஒப்புக்கொண்டார்கள். அத்தோடு அவர் பெயர் மறைந்தது. உண்மையில் அவர் மனுதான் பிள்ளைகளைக் காப்பாற்றக்கூடியது. அந்த நாட்டுச் சட்டப்படி தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை. தாய்க்கு விடுதலை என்றால் அதற்குப் பின் பிறக்கும் பிள்ளைக்கும் விடுதலை. எலைசா, லிசி என்று அவர்களுக்கு இரண்டு பெண்கள்.

தீர்ப்பு வந்த மூன்று மாதத்துக்குள், ஸ்காட்டின் பழைய எஜமானர் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் நால்வரையும் தன் பெயருக்கு மாற்றி விடுதலை எழுதிக்கொடுத்தார். ஸ்காட் ஓட்டலில் போர்ட்டர் வேலை பார்த்து, அடுத்த வருஷமே காசநோயில் போய்ச் சேர்ந்தார். ஹாரியட் துணி வெளுத்துப் பிழைத்தார். அமெரிக்க மண்ணில் பிறந்தவர் குடிமகன் என்று அரசியல் சட்டத்தின் 14ஆவது திருத்தம் 1868இல் வந்தபோது அவர் செயின்ட் லூயிஸில் உயிரோடு இருந்தார்.