வாசகர் கேள்வி: படைவீரருக்குப் புத்தகமும் காபியும் கேட்ட போஸ்டர்கள்

கேள்வி: 1918-ஆம் ஆண்டு அமெரிக்கப் போஸ்டர்கள் வீரர்களுக்குப் புத்தகம், காபி, ஓய்வுக் கொட்டகை என்று நன்கொடை கேட்கின்றன. முதல் உலகப் போர் நின்ற பிறகும் வசூல் நடந்தது ஏன்?

பதில்: உணவும் உடையும் ராணுவம் தந்தது. கடிதம் எழுத மேசை, படிக்க நூல், மாலையில் உட்கார ஓரிடம் இவற்றைப் பெரும்பாலும் தொண்டு அமைப்புகளே பார்த்துக்கொண்டன. ஒய்.எம்.சி.ஏ., சால்வேஷன் ஆர்மி, அமெரிக்க நூலகச் சங்கம் உட்பட ஏழு அமைப்புகள் சேர்ந்து ஒரே வசூலாக நடத்தின. இலக்கு 17 கோடியே 5 லட்சம் டாலர். வசூல் வாரம் தொடங்கிய நவம்பர் 11 அன்றே போர்நிறுத்தம்! ஆனாலும் கைவிடவில்லை, அதுதான் சரி. பிரான்சில் ஏறத்தாழ 20 லட்சம் பேர் ஊர் திரும்பக் கப்பலுக்குக் காத்திருந்தார்கள். சண்டை ஓய்ந்த மாதங்களில்தான் வீட்டு நினைப்பு வாட்டும். சேர்ந்த தொகை 20 கோடியைத் தாண்டியது.

அந்த ஆண்டின் போஸ்டர்களில் சார்லஸ் ஃபால்ஸ் வரைந்ததே சிறந்தது என்பேன். மோவாய் வரை புத்தகங்களை அடுக்கிச் சுமக்கும் வீரர். என்ன கேட்கிறார்கள் என்பது தெருவில் போகிறவருக்கும் ஒரே பார்வையில் விளங்கும்.

கேள்வி: என்னிடம் உள்ளது அசலா, மறுபதிப்பா?

பதில்: 10 மடங்கு உருப்பெருக்கியில் வண்ணப் பகுதியைப் பாருங்கள். அசல் என்றால் கல்லச்சு, அதாவது கல்லில் வரைந்து அச்சிடும் முறை (லித்தோகிராஃபி); அதில் கிரேயான் தேய்த்தது போன்ற ஒழுங்கற்ற சொரசொரப்பு தெரியும். நான்கு நிறப் புள்ளிகள் சிறு பூப்போல வரிசையாக இருந்தால் பிற்காலப் பதிப்பு. அடுத்து, இருட்டறையில் புற ஊதா விளக்கு. தாள் நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் சந்தேகப்படுங்கள்; காகிதத்துக்கு வெண்மையூட்டும் அந்த ரசாயனம் 1950 வாக்கில்தான் புழக்கத்துக்கு வந்தது. பின்னால் புதுத் தாள் ஒட்டியிருந்தால் அதுவும் ஒளிரும். ஆகவே முன்புற ஓரத்தையே சோதியுங்கள்.

அசல் என்றால் லேமினேஷன், செலோ டேப் இரண்டும் வேண்டவே வேண்டாம். டேப்பின் பசை பழுத்துத் தாளுக்குள் ஊறிவிடும், பிறகு கறை போகாது. மடிப்பை இஸ்திரி போட்டு நீக்காதீர்கள். மரக்கூழ்த் தாள் அங்கேதான் முதலில் முறியும். சட்டமிடும்போது கண்ணாடி தாளைத் தொடாதபடி நடுவில் அமிலமற்ற அட்டை விளிம்பு வையுங்கள். மழைக்காலத்தில் ஈரச் சுவரில் மாட்டினால் பூஞ்சை பிடிக்கும்.