சின்னப் பள்ளியை இணைக்கப் போகிறார்களா? கேள்வி பதில்

கிராமத் தொடக்கப் பள்ளிகளை மூடுவது, இணைப்பது பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இடமாறுதல், பதவி உயர்வுக் கேள்விகளை ஆசிரியர் சங்கத்தில் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பள்ளியில் 9 பிள்ளைகள்தான். பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிடுவோம் என்கிறார்கள். சட்டத்தில் இடம் இருக்கிறதா?

பதில்: இத்தனை பிள்ளைகளுக்குக் குறைந்தால் பள்ளியை மூடலாம் என்று கல்வி உரிமைச் சட்டம், 2009-இல் எந்த இடத்திலும் இல்லை. சட்டம் பார்ப்பது தூரத்தை. அதற்காக மத்திய அரசு வகுத்த மாதிரி விதிகளின்படி 1 முதல் 5 வரை படிக்கும் பிள்ளைக்கு 1 கி.மீ. நடை தூரத்துக்குள் பள்ளி இருக்க வேண்டும். 6 முதல் 8 வரை 3 கி.மீ. நடை தூரம் என்பதைக் கவனியுங்கள். வரைபடத்தில் கோடு போட்டு அளப்பது அந்தக் கணக்கில் வராது. வெள்ளம், நிலச்சரிவு, சாலை இல்லாமை, வழியில் சிறு பிள்ளைக்கு ஆபத்து என்றால் அந்தத் தூரத்தை இன்னும் குறைக்க வேண்டும் என்றும் விதி சொல்கிறது.

அதனால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைப் புத்தகப் பையோடு கூட்டிக்கொண்டு புதுப் பள்ளி வரை நடந்து பாருங்கள். எத்தனை நிமிடம், எங்கே பெரிய சாலையைக் கடக்கிறது, மழைக்காலத்தில் ஓடையில் தண்ணீர் எவ்வளவு என்று எழுதி, வட்டாரக் கல்வி அலுவலரிடம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். இன்னொன்று: பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானப் பதிவேட்டில் வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்; இணைப்புக்குச் சம்மதம் என்று அதில் எழுதியிருக்கலாம். அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான்.

கேள்வி: எங்கள் பள்ளியில் 14 பேர். மூட முடியுமா?

பதில்: மேலே உள்ள பதிலைப் பாருங்கள். 14 ஆனாலும் கேட்க வேண்டியது தூரத்தைத்தான்.

கேள்வி: ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் உட்காரவைத்தால் என்ன படிப்பு வரும்?

பதில்: நல்ல கேள்வி. வகுப்புக்கு ஓர் ஆசிரியர், எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஒரே பாடம் என்று நடத்தினால் ஒன்றும் வராது. ஆனால் பல வகுப்புகளைச் சேர்த்து நடத்தத் தனி முறையே இருக்கிறது. ஆந்திராவின் ரிஷிவேலி கிராமப்புற மையம் ஏணிப்படியும் அட்டைகளுமாக அதை உருவாக்கியது; பாடத்தைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்து, பிள்ளை தன் வேகத்தில் அட்டை அட்டையாக முடித்து ஏறும். அதிலிருந்துதான் தமிழ்நாட்டின் செயல்வழிக் கற்றல் வந்தது. கொலம்பியாவிலும் 1970-களிலிருந்து சின்னக் கிராமப் பள்ளிகளில் இதே வழியில் பாடம் நடக்கிறது.

நன்றாக நடக்கும் அறைக்குள் போனால் தெரியும். சுவரைச் சுற்றிப் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை; ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு பகுதி. நான்காம் வகுப்புப் பெண் தன் அட்டையை முடித்துவிட்டு, பக்கத்தில் ‘ழ’ எழுதத் திணறும் பையனுக்குச் சுழியைக் காட்டிக் கொடுக்கிறாள். ஆசிரியர் தரையில் மூன்று பேரோடு உட்கார்ந்திருப்பார். இதற்கு ஆசிரியருக்குப் பயிற்சி வேண்டும். அவரை வேறு வேலைக்கு இழுக்காமலும் இருக்க வேண்டும்.

கேள்வி: 9 பிள்ளைக்கு 2 ஆசிரியர் சம்பளம். வரிப்பணம் வீண்தானே? நாலு பள்ளியைச் சேர்த்தால் நல்ல கட்டடம், விளையாட்டு மைதானம் எல்லாம் கிடைக்கும்.

பதில்: ஒரே தெருவில் இரண்டு பள்ளி இருந்தால் சேர்க்கலாம், நானே கையெழுத்துப் போடுவேன். மற்ற இடங்களில் செலவு குறைவதில்லை, இடம் மாறுகிறது. அரசு கொடுத்த சம்பளம், பிள்ளையைக் கொண்டுபோய் விடும் தாயின் கூலி இழப்பாகிறது. சீனாவில் 2001 முதல் கிராமப் பள்ளிகளைப் பெருமளவில் இணைத்தார்கள். சின்னப் பிள்ளைகள் நெடுந்தூரம் போக வேண்டியதாயிற்று, பலர் விடுதிக்குப் போனார்கள். கண்மூடித்தனமான இணைப்பை நிறுத்தச் சொல்லி 2012-இல் அந்த அரசே உத்தரவு போட்டது.

கேள்வி (அவரே மீண்டும்): அப்படியானால் பெற்றோரே ஏன் வேனில் தூரமாகத் தனியார் பள்ளிக்கு அனுப்புகிறார்கள்?

பதில்: வசதி உள்ளவர் அனுப்புகிறார். பள்ளியில் மிஞ்சியிருக்கும் அந்த 9 பேருக்கு வேன் இல்லை. மூடினால் அடிபடுவது அவர்கள்தான். ஏன் போனார்கள் என்றும் பார்ப்போம். தனியார் பள்ளி மூன்று வயதிலேயே எல்.கே.ஜி.யில் சேர்த்துக்கொள்கிறது, நம் பள்ளி ஐந்து வயது வரை காத்திருக்கிறது. அதற்குள் பிள்ளை அங்கே பழகிவிடும். தமிழ்நாட்டில் 2019-இல் 2,381 அங்கன்வாடி மையங்களில் மழலையர் வகுப்பு தொடங்கினார்கள், எல்லாப் பள்ளிக்கும் அது எட்டவில்லை. அப்புறம் காலிப் பணியிடம். இருவரில் ஒருவர் மாறிப்போய், இன்னொருவர் பயிற்சிக்கும் கூட்டத்துக்கும் போனால் பள்ளி பூட்டியிருக்கும். பெற்றோர் பார்த்துவிட்டு டி.சி. கேட்பார்கள். 2016–17-இல் நாடு முழுவதும் 1,08,017 ஓராசிரியர் பள்ளிகள் இருந்ததாகத் தேசியக் கல்விக் கொள்கையே சொல்கிறது. 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர் என்பது சட்டத்தின் அட்டவணையில் உள்ளது. ஆசிரியரைப் போடாமல் பள்ளியைக் காலியாக்கிவிட்டு, காலியாக இருப்பதால் மூடுகிறோம் என்பது எனக்கு ஏற்கவே முடியாத வாதம்.

மைதானமும் நூலகமும் வேண்டுமென்றால் பக்கத்துப் பள்ளிகள் வாரம் ஒரு நாள் கூடலாம். பள்ளி வளாகம் என்ற இந்த யோசனையை மத்திய அரசு அமைத்த கோத்தாரி கல்விக் குழு 1960-களிலேயே சொல்லிவிட்டது. அதற்குப் பள்ளியை மூட வேண்டாம்.

கேள்வி: 11 பேர் படிக்கிறார்கள். இணைக்கலாமா?

பதில்: எண்ணிக்கையை மட்டும் எழுதி அனுப்பினால் நான் என்ன சொல்ல? தூரத்தை அளந்து எழுதுங்கள். பதிவேட்டில் வாசிக்காமல் கையெழுத்து வேண்டாம்.

கேள்வி: மூடிய பள்ளியின் கட்டடம் யாருக்கு?

பதில்: நிலப் பத்திரத்தைப் பாருங்கள். ஊரார் தானமாகக் கொடுத்த இடமென்றால் அதில் எழுதிய நிபந்தனை முக்கியம்.

கேள்வி: எங்கள் பள்ளியை இணைத்துவிட்டார்கள். இனி என்ன செய்வது?

பதில்: மாதிரி விதிகளின்படி, எல்லைக்குள் பள்ளி இல்லாத சின்னக் குடியிருப்புகளின் பிள்ளைகளுக்கு இலவசப் போக்குவரத்து போன்ற ஏற்பாட்டை அரசுதான் செய்ய வேண்டும். வாகனமா வழித்துணையாளா, எந்தத் தேதியிலிருந்து என்று எழுத்தில் கேளுங்கள். புதுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் உங்கள் ஊர்ப் பெற்றோர் இடம் பெற வேண்டும். முதல் மாதம் தினமும் உங்கள் ஊர்ப் பிள்ளைகளின் வருகையைத் தனியாகக் குறித்துவையுங்கள். யாராவது தொடர்ந்து வராமல் போனால் அந்தக் குறிப்போடு அலுவலகத்துக்குப் போங்கள், பள்ளியைத் திரும்பத் திறக்கக் கேட்பதற்கும் அதுதான் ஆதாரம்.