டெங்குவில் தண்ணீரும் உப்பும்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவரின் பதில்கள்

கேள்வி: அப்பாவுக்கு டெங்கு. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னதால் நாள் முழுவதும் வெறும் தண்ணீராகவே குடித்தார். இப்போது சோடியம் 126 என்கிறார்கள். தண்ணீர் குடித்ததே தவறா?

பதில்: தண்ணீர் குடித்தது தவறில்லை. அதை மட்டுமே குடித்ததுதான் சிக்கல். ரத்தத்தில் சோடியம் 135 முதல் 145 வரை இருக்க வேண்டும். டெங்குவில் வாந்தியால் உப்பு வெளியேறும். நீரைத் தேக்கிவைக்கும் ஹார்மோனும் அதிகமாகச் சுரக்கும். அந்த நேரத்தில் உப்பில்லாத நீரை ஊற்றிக்கொண்டே இருந்தால், இருக்கிற சோடியமும் நீர்த்துப்போகும். டெங்கு நோயாளிகளிடம் மிகுதியாகக் காணப்படும் உப்புக் குறைபாடு இதுதான்.

126 என்பது வீட்டில் வைத்துச் சமாளிக்கும் அளவு அல்ல. இன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். பேச்சில் குழப்பம், அதிகத் தூக்கம், வலிப்பு ஆகியவற்றில் எது தெரிந்தாலும் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். உப்பை நீங்களாகவே அள்ளிக் கொடுத்து ஈடுகட்ட முயலவும் வேண்டாம். சோடியத்தை வேகமாக உயர்த்தினால் மூளைக்குத் தீங்கு நேரும்.

கேள்வி: ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைப் பொடி) பொட்டலத்தில் பாதியை ஒரு தம்ளரில் கரைக்கலாமா?

பதில்: கூடாது. பொட்டலத்தில் எவ்வளவு நீர் என்று அச்சிட்டிருக்கிறதோ அந்த அளவில் முழுப் பொடியையும் கரையுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் லிட்டருக்குச் சோடியம் 75, பொட்டாசியம் 20 மில்லிமோல் இருக்கும். நீரின் அளவு மாறினால் இந்தக் கணக்கு கெட்டுவிடும். வாந்தி இருந்தால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு வாய் கொடுங்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம்.

கேள்வி: மகளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. தட்டணுக்களும் ஒரு லட்சத்துக்கு அருகில் இருக்கின்றன. ஆனாலும் வீட்டுக்கு அனுப்ப மறுக்கிறார்கள். ஏன்?

பதில்: அவர்கள் செய்வது சரி. எல்லோரும் தட்டணு எண்ணிக்கையையே பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. டெங்குவில் உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் ரத்தக் குழாய்களிலிருந்து பிளாஸ்மா (ரத்தத்தின் நீர்ப்பகுதி) கசிவதால்தான் வருகிறது. அது காய்ச்சல் தொடங்கிய 3 முதல் 7 நாட்களுக்குள், பெரும்பாலும் சூடு தணியும் வேளையில்தான் தொடங்கும்; 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். நீர் ரத்தக் குழாயை விட்டு வெளியேறுவதால் ரத்தம் கெட்டியாகும். ஹீமட்டோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, வழக்கமான அளவைவிட 20 சதவீதம் கூடினால் கசிவு கணிசமானது என்று பொருள். தட்டணு சரிவதோடு இதுவும் ஏறுகிறதா என்றுதான் மருத்துவர்கள் பார்க்கிறார்கள்.

கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறு அல்லது மூக்கில் ரத்தம், அமைதியின்மை, கைகால் சில்லிடுதல், நான்கு முதல் ஆறு மணி நேரமாகியும் சிறுநீர் கழிக்காதிருத்தல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே செவிலியரிடம் சொல்லுங்கள். காய்ச்சலுக்கோ வலிக்கோ பாராசிட்டமால் மட்டுமே; இபுபுரூஃபன், ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: கணவர் இன்னும் சோர்வாகவே இருக்கிறார். ஆனால் ட்ரிப்ஸை நிறுத்திவிட்டார்கள். இன்னொரு பாட்டில் ஏற்றச் சொல்லலாமா?

பதில்: கேட்க வேண்டாம், அம்மா. கசிந்த நீர் அடுத்த இரண்டு, மூன்று நாட்களில் தானாகவே ரத்தக் குழாய்களுக்குள் திரும்பிவரும். அந்த நேரத்தில் மேலும் ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத்திணறல் வரும். கசிவு இருக்கும்போது உயிர்காக்கும் அதே சலைன், கசிவு நின்றபின் ஆபத்தாக மாறும். அதனால்தான் நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், சிறுநீர், ஹீமட்டோக்ரிட் ஆகியவற்றைத் திரும்பத் திரும்பப் பார்த்து ட்ரிப்ஸின் வேகத்தைக் கூட்டுகிறார்கள், குறைக்கிறார்கள். சோர்வு வாரக்கணக்கில் நீடிக்கலாம்; அதற்கு மருந்து ஓய்வுதான். படுத்தால் மூச்சு வாங்கினாலோ வயிறு உப்பினாலோ மட்டும் உடனே தெரிவியுங்கள்.

கேள்வி: குணமாகிவரும்போது பொட்டாசியம் 3.1 ஆகக் குறைந்திருக்கிறது. பயப்பட வேண்டுமா?

பதில்: இயல்பு அளவு 3.5 முதல் 5 வரை. தேங்கிய நீர் சிறுநீராக வெளியேறும் கட்டத்தில் பொட்டாசியமும் கூடவே போவது உண்டு. வாந்தியும் சரியாகச் சாப்பிடாததும் சேர்ந்துகொள்ளும். பெரும்பாலும் வாய்வழி மருந்திலேயே சரியாகிவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பொட்டாசியம் மருந்தைத் தொடக்கூடாது. கால் தளர்ச்சியோ நெஞ்சுப் படபடப்போ இருந்தால் ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள்.