எந்தப் படகில் வந்தவர்? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழின் இப்பகுதியில், பட்டர்வொர்த் வாசகர் ஒருவர் தாம் எழுதிவரும் நாவலின் சுருக்கத்தை அனுப்பிக் கருத்துக் கேட்டிருந்தார். அமெரிக்காவின் மயாமி நகரை ஒட்டிய ஹயலியாவில், 1962இல் கியூபாவை விட்டு வந்து அடகுக்கடை வைத்திருந்த முதியவர் ஒருவர் சுட்டுக் கொல்லப்படுகிறார். 1980இல் படகில் வந்திறங்கிய கார் மெக்கானிக் ஒருவன்மீது பழி விழுகிறது. 1992இல் நடக்கும் விசாரணையே நாவல். அதையொட்டி வந்த கடிதங்களில் ஐந்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். கடைசிக் கடிதம் நாவலாசிரியரே எழுதியது.

கேள்வி (செந்தூல் வாசகி): இறந்தவரும் கியூபர், கூண்டில் நிற்பவனும் கியூபர். தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவான ஜூரியில் நான்கு பேர் கியூபர்கள். அப்படியிருந்தும் அந்த நால்வரே அவனை முதலில் வெறுக்கிறார்கள் என்பது நம்பும்படியாக இல்லையே?

பதில்: எனக்கு அந்த நாவலில் மிகவும் பிடித்த இடமே அதுதான். 1959 ஜனவரியில் ஃபிடல் காஸ்ட்ரோவின் படை ஆட்சியைப் பிடித்ததும் முதலில் வெளியேறியவர்களில் நிலக்கிழார்களும் மருத்துவர்களும் வணிகர்களும் மிகுதி. 1960க்கும் 1962க்கும் இடையில் பெற்றோர் துணையில்லாமல் விமானமேற்றி அனுப்பப்பட்ட பிள்ளைகள் மட்டுமே ஏறத்தாழ 14,000 பேர். 1965 முதல் 1973 வரை நடந்த விமானப் பயணங்களில் சுமார் 300,000 பேர் வந்தார்கள். 1980 ஏப்ரலில், ஹவானாவில் இருந்த பெரு நாட்டுத் தூதரகத்துக்குள் 10,000க்கும் மேற்பட்டவர்கள் புகுந்து அடைக்கலம் கேட்க, போக விரும்புகிறவர்கள் மரியேல் துறைமுகம் வழியாகப் போகலாம் என்று காஸ்ட்ரோ அறிவித்துவிட்டார். மயாமியில் இருந்த உறவினர்கள் கிடைத்த படகையெல்லாம் அனுப்ப, அக்டோபருக்குள் ஏறத்தாழ 125,000 பேர் கரை சேர்ந்தார்கள். காஸ்ட்ரோ அரசு சிறைகளிலும் மனநோய் விடுதிகளிலும் இருந்தவர்கள் சிலரையும் அந்தப் படகுகளில் ஏற்றி அனுப்பியது. அப்படி வந்தவர்கள் மொத்தத்தில் சிறு பகுதியே என்றாலும், ‘மரியேலித்தோ’ என்ற பெயர் வந்தவர்கள் அனைவர்மீதும் வசவாக ஒட்டிக்கொண்டது. இருபது ஆண்டுகளாகக் கடை வைத்து, வீடு வாங்கி, நல்ல பெயர் எடுத்திருந்த பழைய கியூபர்கள், இவர்களால் தங்கள் பெயரும் கெட்டுவிடுமே என்று அஞ்சினார்கள்.

மலேசியத் தமிழரான நமக்கு இது புதிதா என்ன? தோட்டத்துக்குக் கங்காணியோடு வந்தவர், யாழ்ப்பாணத்திலிருந்து குமாஸ்தா வேலைக்கு வந்தவர், ரஜூலா கப்பலில் பினாங்குத் துறையில் இறங்கிக் கடை வைத்தவர் என்று வந்த வழியைக் கேட்டே ஆளை எடைபோட்ட காலம் இங்கும் இருந்தது. பெண் பார்க்கும் படலத்தில் அந்தக் கேள்வி இன்னமும் வேறு சொற்களில் வருகிறது. ஜூரியில் அமர அமெரிக்கக் குடியுரிமை வேண்டும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். முதல் படகில் வந்தவர் தீர்ப்புச் சொல்லும் இடத்திலும், கடைசிப் படகில் வந்தவன் தீர்ப்பைக் கேட்கும் இடத்திலும் அமர்வது 1992இல் எளிதில் நடக்கக்கூடியதே.

கேள்வி (ஜெலுத்தோங் வாசகர்): ஜூரியில் பன்னிரண்டு பேர் என்று கதை சொல்கிறது. நம் நாட்டில் ஏழு பேர்தானே இருந்தார்கள்?

பதில்: ஆம், 1995இல் ஜூரி முறை ஒழிக்கப்படும்வரை இங்கே எழுவர்தாம். மயாமி இருக்கும் ஃபுளோரிடா மாநிலத்தின் கணக்கு வேறு. மரண தண்டனைக்குரியது என்று வகைப்படுத்தப்பட்ட குற்றமானால் 12 பேர். மற்றவற்றுக்கு 6 பேர் போதும். அறுவர் ஜூரி அரசியலமைப்புக்கு முரணானதன்று என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1970இல் சொன்னதே ஃபுளோரிடாவிலிருந்து போன வழக்கில்தான். நம் நாவலாசிரியர் மரண தண்டனைக்கு உட்படாத இரண்டாம் நிலைக் கொலைக் குற்றத்தைச் சாட்டிவிட்டுப் பன்னிரண்டு பேரை உட்கார வைத்திருக்கிறார். குற்றச்சாட்டை உயர்த்த வேண்டும், அல்லது ஆறு பேரை எழுப்பி வீட்டுக்கு அனுப்ப வேண்டும். நான் ஆறையே தேர்ந்தெடுப்பேன், ஆறு முகங்களை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்பதால். இன்னொன்று: அங்கே ஜூரி விசாரணையில் குற்றஞ்சாட்டப்பட்டவர் கூண்டில் நிற்பதில்லை, தம் வழக்கறிஞருக்குப் பக்கத்தில் மேசையருகே அமர்ந்திருப்பார். பினாங்கின் லெபோ லைட் நீதிமன்றத்தைப் பார்த்துப் பழகிய நம் கண்ணுக்குக் கூண்டில்லாமல் விசாரணை தோன்றுவதில்லை. செந்தூல் வாசகியும் ‘கூண்டில் நிற்பவன்’ என்றே எழுதியிருக்கிறார்.

கேள்வி (கிள்ளான் வாசகர்): மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு முழு அத்தியாயத்தை ஒதுக்கியிருப்பது கதையின் வேகத்தைக் கெடுக்காதா?

பதில்: கெடுக்காது, என்னைக் கேட்டால் இரண்டு அத்தியாயம் கொடுக்கச் சொல்வேன். செய்தியாளனாக இருந்த காலத்தில் நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். தோட்டத்திலிருந்து வந்த பாட்டி ஒருவர் சாட்சி சொல்ல நின்றார். சத்தம் கேட்டபோது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டதற்கு, “பசியாறிக்கிட்டு இருந்தேங்கய்யா” என்றார். மொழிபெயர்ப்பாளர் அதை “செடாங் மாக்கான்” என்று மலாயில் சொல்ல, மாஜிஸ்திரேட்டும் எழுதிக்கொண்டார். பசியாறுவது என்றால் நம் ஊர்த் தமிழில் காலை உணவு. ‘சாராப்பான்’ என்றிருந்தால் பொழுதும் சேர்ந்து வந்திருக்கும். ‘மாக்கான்’ என்றதில் சோறு மட்டும் வந்து பொழுது விழுந்துவிட்டது. அரை மணி நேரம் கழித்து, அது பகலா இரவா என்று இரு தரப்பு வழக்கறிஞர்களும் மோதிக்கொண்டிருந்தபோது, பாட்டி என்ன நடக்கிறதென்று புரியாமல் முந்தானையைத் திருகியபடி நின்றார். பார்வையாளர் வரிசையில் இருந்த தமிழர் அத்தனை பேருக்கும் விடை தெரியும். ஒருவரும் வாய் திறக்க முடியாது.

கியூப ஸ்பானிய மொழியில் இத்தகைய பள்ளங்கள் ஏராளம். ‘குவாகுவா’ என்றால் கியூபர்களுக்குப் பேருந்து. சிலி நாட்டவருக்குக் கைக்குழந்தை. ‘ஆஓரித்தா’ என்பது மெக்சிகோக்காரர் வாயில் ‘இதோ, இப்போதே’ என்ற பொருளில் வரும். கியூபர் வாயில் ‘பிறகு பார்க்கலாம்’ என்றாகிவிடும். “அவரை ஆஓரித்தா கவனித்துக்கொள்கிறேன்” என்று மெக்கானிக் தொலைபேசியில் சொன்னதாகச் சாட்சியம் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பொருளில் அவன் அந்த நிமிடமே கிளம்பிய கொலைகாரன். மற்றதில் கடனை இழுத்தடிக்கும் சாதாரண மனிதன்.

இதைவிடக் கூர்மையான முள் ஒன்று சட்டத்திலேயே இருக்கிறது. ஜூரி உறுப்பினருக்கு ஸ்பானிய மொழி தெரிந்திருந்தாலும், அவர் தம் காதில் விழுந்ததை விட்டுவிட்டு, மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொன்னதையே சான்றாக ஏற்க வேண்டும். அப்படி ஏற்பார்களா என்ற ஐயத்தில் இருமொழி தெரிந்தவர்களை அரசுத் தரப்பு ஜூரியிலிருந்து விலக்கியதை, 1991இல் நியூயார்க் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் தவறில்லை என்றது. நாவல் நடப்பது அதற்கு அடுத்த ஆண்டில். நான் சொன்னபடி ஜூரியை ஆறு பேராக்கி, அதில் இருவர் கியூபர்கள் என்று வைத்துக்கொள்வோம். சாட்சி சொன்னதன் உண்மைப் பொருள் அவர்களுக்குத் தெரியும். மூடிய அறைக்குள் மற்ற நால்வரிடம் அதைச் சொல்வது விதிமீறல். யார் சுட்டார் என்பதைவிட, அந்த இருவரும் வாய் திறப்பார்களா என்பதற்காகவே நான் பக்கத்தைப் புரட்டுவேன்.

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ் வாசகி): மயாமியில் நியாயம் கிடைக்காது என்றால் வழக்கை வேறு ஊருக்கு மாற்றக் கேட்கலாமே?

பதில்: கேட்கலாம். ஆனால் அதன் வடு மயாமிக்கு உண்டு. 1979 டிசம்பரில் ஆர்தர் மெக்டஃபி என்ற கறுப்பின மனிதர் காவல் துறையினரால் அடித்துக் கொல்லப்பட்டார். அந்த வழக்கு டாம்பா நகருக்கு மாற்றப்பட்டு, வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி 1980 மே மாதத்தில் காவலர்களை விடுவித்தது. அன்றிரவே மயாமி பற்றி எரிந்தது. மரியேல் படகுகள் வந்துகொண்டிருந்த அதே வாரங்கள் அவை. 1992இல் இடமாற்றம் கேட்கும் எந்த வழக்கறிஞரும் அந்த இரவை மறந்திருக்க மாட்டார்.

கேள்வி (பட்டர்வொர்த், நாவலாசிரியர்): குற்றத்தை ஒப்புக்கொண்டால் மூன்று ஆண்டுகள்தாம் என்று அரசுத் தரப்பு பேரம் பேசியும் என் நாயகன் ஏன் மறுக்கிறான் என்று கையெழுத்துப் பிரதியைப் படித்தவர்கள் கேட்கிறார்கள். நாடுகடத்தும் ஆபத்தைப் பற்றி வழக்கறிஞர் தம் கடமை என்று சொல்லி அவனுக்கு விளக்கும் காட்சியைச் சேர்த்திருக்கிறேன். போதுமா ஐயா?

பதில்: காட்சி நன்றாக வந்திருக்கிறது, ஆனால் காலம் பிசகிவிட்டது. ஒப்புதல் வாக்குமூலத்தால் நாடுகடத்தப்படும் ஆபத்து உண்டு என்று குடியுரிமை இல்லாத கட்சிக்காரருக்குச் சொல்வது வழக்கறிஞரின் கடமை என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2010இல்தான். 1992இல் உங்கள் வழக்கறிஞர் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தாலும் கேட்பார் இல்லை. வாயை மூடிக்கொள்ளவே விடுங்கள்.

நிரந்தரவாச உரிமை பெறாத மரியேல்காரனுக்கு நாடுகடத்தலைவிடக் கொடியது ஒன்று காத்திருந்தது. 1984இல் அமெரிக்காவுடன் செய்த உடன்படிக்கையில் 2,746 பேரைத் திரும்ப ஏற்கக் கியூபா ஒப்புக்கொண்டது. அந்தப் பட்டியலில் இல்லாத ஒருவன் தண்டனை முடிந்து வெளியே வரும்போது குடிநுழைவுத் துறை பிடித்துக்கொண்டால், அனுப்ப நாடில்லை, விடுவிக்க மனமில்லை என்ற நிலையில் காலவரையறை இன்றி அவன் சிறையிலேயே கிடக்க நேர்ந்தது. அப்படி அடைத்து வைக்கக் கூடாது என்ற தீர்ப்பு 2005இல் வந்தது. ஆகவே உங்கள் நாயகன் கையெழுத்துப் போட மறுப்பது மூன்று ஆண்டுகளுக்கு அஞ்சி அன்று. நான்காவது ஆண்டுக்கு அஞ்சி. குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு அடையாள அட்டையோடு காலந்தள்ளிய நம் தாத்தா பாட்டிகளைக் கண்டவர்களுக்கு அந்த அச்சத்தை நீட்டி முழக்கி விளக்க வேண்டியதில்லை.

இதை அவனிடம் யார் சொல்வது? கிடப்பில் போட்ட அந்த உடன்படிக்கை மீண்டும் நடப்புக்கு வருவதாக 1987 நவம்பரில் செய்தி வந்ததும், ஓக்டேல், அட்லாண்டா ஆகிய இரு அமெரிக்க ஊர்களின் சிறைகளிலும் அடைபட்டிருந்த கியூபர்கள் காவலர்களைப் பிணையாகப் பிடித்துக் கலகம் செய்தார்கள். அட்லாண்டாவில் அது 11 நாள் நீடித்தது. அந்த 11 நாளும் உள்ளே இருந்த ஒருவனை, உங்கள் மெக்கானிக் அடைபட்டிருக்கும் அறைக்கு டோமினோக் கட்டைகளோடு கொண்டுவாருங்கள். ஆட்டத்துக்கு நடுவே, தன் தண்டனை எந்த ஆண்டில் முடிந்தது என்பதை மட்டும் அவன் சொல்லட்டும். கழித்துப் பார்க்கும் கணக்கை உங்கள் நாயகன் பார்த்துக்கொள்வான்.